கடுக்காமேட்டுக்கு உப்பு போகவில்லை

வெள்ளிமலை
14.6.1987

அன்புள்ள நவுஷாத்,

உன் கடிதமும், லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு பல்லைக் காட்டும் போட்டோவும் வந்தன. ஆப்பிரிக்கா போய் இவன் கறுத்ததுதான் மிச்சம் என்று உங்கள் அம்மா வருத்தப்பட்டார்கள். மோட்டார் சுற்றுவதற்கு வயர் வாங்கப் போன வாரம் சங்கராபுரம் வந்தபோது உங்கள் வீட்டுக்கும் போயிருந்தேன். சாப்பிடாமல் அனுப்பவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கடுக்காமேட்டு ஊர்க்கவுண்டர் சக்கரவர்த்தியை நீ பார்த்திருக்கிறாய். உங்கள் மண்டிக்குப் புளி ஏற்றிக்கொண்டு வருவாரே, பச்சைத் தலைப்பாகை. பஞ்சாயத்துத் தேர்தலில் தன் ஆளுக்கு ஓட்டுப் போடவில்லை என்று மூன்று குடும்பங்களை ஊரைவிட்டுத் துரத்தி, வீட்டுக் கூரையையும் பிரித்துப் போட்டுவிட்டார். காசிநாதன் குடும்பம் அதில் ஒன்று. ஒரு வருஷத்துக்கு மேலாக இங்கே சந்தைக் கொட்டகையில் கிடக்கிறார்கள். மனு கொடுத்தோம். அதிகாரிகள் வந்தார்கள். சமாதானமாகப் போங்கள் என்றார்கள். போய்விட்டார்கள்.

இப்போது ஏழு ஊர் கூடி ஒரு சங்கம் வைத்து முடிவு செய்திருக்கிறோம். மூன்று குடும்பத்தையும் திரும்பச் சேர்க்கும்வரை கடுக்காமேட்டோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது. சந்தையில் இடமில்லை, ஜீப் போகாது, எங்கள் ஆள் யாரும் அங்கே கால் வைப்பதில்லை. ஆனால் அந்த ஊரின் சாமையும் புளியும் போவது உங்கள் அத்தா மண்டிக்கு. உப்பும் மண்ணெண்ணெயும் வருவது அங்கிருந்து. அவர் மூடாவிட்டால் நாங்கள் மூடிப் பயனில்லை. நான் சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். நீ எழுது.

இன்னொன்று. நீ தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு நாடு தள்ளி இருக்கிறாய். உலகமே அதோடு வியாபாரம் செய்யாதே என்கிறது. ரேடியோவில் தினமும் இதே பேச்சு. நிஜமாகவே வேலை செய்கிறதா? சங்கத்தில் கேட்கிறார்கள்.

அக்கா சந்திரலேகா அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "உன் இஷ்டம்டா, எப்பவும் உன் இஷ்டம்தானே" என்றாள். அவள் மகள் பாவாயிதான், மாமா இனிமே வராதா என்று கேட்டதாம்.

கலைவாணன்


கிட்வே, ஜாம்பியா
6.7.1987

கலை,

நலம் விசாரித்ததாக வைத்துக்கொள். அத்தாவுக்குத் தனியாக எழுதிவிட்டேன். நிறுத்துவார். முனகுவார், ஆனால் நிறுத்துவார்.

தடை வேலை செய்கிறதா என்றால், பாதி. ஆயுதம் விற்காதே என்று ஐ.நா. சொல்லிப் பத்து வருஷம் ஆகிறது. அவர்கள் தாங்களே செய்யக் கற்றுக்கொண்டு இப்போது அடுத்தவனுக்கு விற்கிறார்கள். எண்ணெய் தராதே என்றார்கள். நிலக்கரியிலிருந்து எடுக்கிறார்கள். ஆனால் வெளிநாட்டு பாங்குகள் கடனை நிறுத்தியபோது மட்டும் உறைத்தது. கிரிக்கெட் ஆட விடாததும் உறைக்கிறதாம். ஆக, எங்கே வலிக்கும் என்று தெரிந்து அடைக்க வேண்டும். சும்மா அடைத்தால் அவன் பழகிவிடுவான்.

என் கதையைக் கேள். நேற்றுப் பட்டறைக்கு வீல் பேரிங் பெட்டிகள் வந்தன. பெட்டி மேல் இருந்த ஊர்ப் பெயரைச் சுரண்டியிருந்தார்கள். எங்கிருந்து என்று வாட்ச்மேனுக்கும் தெரியும். முதலாளி குஜராத்திக்காரர். "இதை மாட்டாவிட்டால் மக்காச்சோள லாரி ஓடாது, ஜனங்கள் மாவுக்கு அலைவார்கள், என்ன செய்யலாம் நீயே சொல்" என்றார். மாட்டினேன். லாரி ஓடுகிறது. என் பாஸ்போர்ட்டில் தென்னாப்பிரிக்கா தவிர எல்லா நாட்டுக்கும் செல்லும் என்று அச்சடித்திருக்கிறது. கை மட்டும் தினமும் போய்விட்டு வருகிறது.

அதனால் உனக்குச் சொல்வது இதுதான். வால்வை முக்கால்வாசி மூடுவதைவிட மூடாமலே இருக்கலாம். தண்ணீரும் போகும், சத்தமும் அதிகமாக இருக்கும். மூடினால் முழுக்க மூடு. மலைக்கு இன்னொரு சரிவு இருக்குமே, சேலம் பக்கம்? அதைப் பார்த்தாயா?

நவுஷாத்


வெள்ளிமலை
28.7.1987

அன்புள்ள நவுஷாத்,

ஆரம்பித்தாகிவிட்டது.

உன் கடிதத்தை உங்கள் அத்தா இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இன்னா தம்பி இது, கடைன்னு ஒண்ணத் தொறந்து வச்சிக்கினு உப்பு இல்லன்னு எப்படிச் சொல்றது? நாக்கு வராதே" என்றார். உள்ளேயிருந்து உங்கள் அம்மா, "காசிநாதன் பொண்டாட்டி மழையில கொட்டாய்ல கெடக்குது. அதுக்கு இன்னா சொல்லுவீங்க? அதுக்கு நாக்கு வருமா?" என்றார்கள். உன் தம்பி சுபைர் சிரித்துவிட்டான், அவனுக்கும் கிடைத்தது. கடைசியில் சரி என்றார். மறு வாரமே கடுக்காமேட்டு ஆட்கள் வந்து, இல்லை என்ற பதிலைக் கேட்டுவிட்டு, வெறும் சாக்கோடு திரும்பியிருக்கிறார்கள்.

சேலம் பக்கம் கருமந்துறைக்கு ஒற்றையடிப் பாதை உண்டு. செங்குத்து. சுமையோடு யாரும் ஏற மாட்டார்கள். கவலையில்லை. காட்டுப்பன்றி சுடும் நாட்டுத் துப்பாக்கிக்கு மருந்தும் நிறுத்திவிட்டோம், உன் ஐ.நா. மாதிரி. சக்கரவர்த்தி திண்டாடுகிறார் என்று பேச்சு.

ஒரே ஒரு சிக்கல். அக்கா தன் பக்கத்து வீட்டுச் செல்லியம்மாளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பானையில் உப்பு அடிக்கு வந்துவிட்டதாம். கொஞ்சம் கொடுத்தனுப்பு என்கிறாள். சங்கத்தில் தங்கதுரையின் அம்மாவும் அந்த ஊர்தான், அவனும் கேட்கிறான். அக்கா வீட்டுக்காரருக்கும் ஊர்க்கவுண்டருக்கும் ஆகாது. அவர்கள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. இந்த மாதிரி இரண்டொரு வீட்டுக்கு விலக்குக் கொடுத்தால் என்ன? நான் முடிவெடுத்தால் தன் அக்காவுக்காக வளைத்தான் என்பார்கள். நீ வெளியாள். நீ சொல்.

கலைவாணன்


கிட்வே
18.8.1987

கலை,

கூடாது.

அக்காவுக்குக் கொடுத்தால் தங்கதுரை அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும். அவருக்குக் கொடுத்தால் அவர் பக்கத்து வீட்டுக்குக் கைமாற்றாகக் கொடுப்பார். பெண்கள் உப்பை மறுக்க மாட்டார்கள். ஒரு மாதத்தில் ஊர்க்கவுண்டர் வீட்டுக் குழம்பில் உன் உப்பு கொதிக்கும். குற்றம் செய்யாதவர்களுக்கு வலிக்கக் கூடாது என்றால் இந்த வேலையையே தொடங்கியிருக்கக் கூடாது. வலிக்கிறவர்கள்தான் அவர் வாசலில் போய்க் கேட்க வேண்டும், ஏனய்யா இந்தப் பிடிவாதம் என்று. அதற்குத்தானே இத்தனையும்?

அக்கா திட்டுவாள். திட்டட்டும். பாலிடெக்னிக் ஹாஸ்டலுக்கு அவள் கொடுத்தனுப்பிய சாமைச் சோற்றைத் தின்றவன் நானும்தான். இரக்கமில்லாமல் எழுதவில்லை. மூன்று மாதம் பொறுத்தால் முடிந்துவிடும்.

இதைச் சங்கத்தில் படித்துக் காட்டு. பழி என் மேல் இருக்கட்டும்.

இரண்டு நாளாகக் காய்ச்சல், மலேரியா என்கிறார்கள். அம்மாவிடம் சொல்லாதே.

நவுஷாத்


வெள்ளிமலை
9.9.1987

அன்புள்ள நவுஷாத்,

காய்ச்சல் விட்டதா? அம்மாவிடம் சொல்லவில்லை.

கடிதத்தைக் கூட்டத்தில் படித்தேன். கை தட்டினார்கள். தங்கதுரை மட்டும் தட்டவில்லை. விலக்கு யாருக்கும் கிடையாது என்று தீர்மானம் போட்டோம். தீர்மானம் என் பெயரில்.

இப்போது கெட்ட செய்தி. கருமந்துறைப் பக்கமிருந்து கழுதையில் உப்பு வருகிறது. ஆள் ஏற மாட்டான் என்று யோசித்தோம், கழுதையை யோசிக்கவில்லை. இரண்டு டிப்ளமோக்காரர்கள் கூடி யோசித்தோம் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. துப்பாக்கி மருந்தும் அதே வழியில்தான் வருகிறது.

உப்பு வருவதுகூடப் பரவாயில்லை. அதை சக்கரவர்த்தி தன் வாசலில் வைத்துப் படியால் அளந்து கொடுக்கிறார். முன்பெல்லாம் அந்த ஊரில் எந்த வீட்டுக்காரனும் சாமை மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே சங்கராபுரம் போவான், பாயிடம் பேரம் பேசுவான், உப்போடு வருவான். ஊர்க்கவுண்டரிடம் கேட்க வேண்டியதில்லை. இப்போது ஊரில் உப்புக்கு ஒரே வாசல். அந்த ஊரில் நம் பக்கம் பேசிவந்த ராசுகூட அங்கே போய்த் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறானாம். நாம் சேர்ந்து அவருக்கு ஒரு கடை வைத்துக் கொடுத்துவிட்டோம் போலிருக்கிறது.

தென்னாப்பிரிக்காவிலும் இப்படித்தானா? அங்கேயும் தடை போட்ட பிறகு சர்க்கார் வாசலில் கூட்டம் கூடியதா?

நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அலுப்பாக இருக்கிறது.

கலைவாணன்


கிட்வே
26.9.1987

கலை,

காய்ச்சல் விட்டது. அலுப்பு எல்லோருக்கும்தான்.

இப்போது நிறுத்தினால் சக்கரவர்த்தி ஜெயித்தார் என்று ஆகும். அப்புறம் அந்த மலையில் இன்னும் இருபது வருஷத்துக்கு எவனும் வாய் திறக்க மாட்டான். கருமந்துறை ஆட்களைப் பார்த்துப் பேசு. கழுதைக்காரனுக்கு வேறு சவாரி பிடித்துக் கொடு. தொட்டாகிவிட்டது, முடி.

நீ கேட்டது நல்ல கேள்வி. இங்கே பட்டறையில் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஓடி வந்த ஒருவர் வெல்டிங் வேலை செய்கிறார். அவரிடம் கேட்டேன். தடையால் உங்கள் ஜனங்களுக்குத்தானே முதலில் வேலை போகிறது, சம்மதமா என்று. "நாங்கள்தான் கேட்டோம், போடுங்கள் என்று. ஏற்கெனவே பட்டினியாக இருப்பவனைப் பட்டினி என்று பயமுறுத்தாதே" என்றார். அதுதான் விஷயம். வலியைத் தாங்கப் போகிறவனே கேட்டால் சரி. கடுக்காமேட்டில் யார் கேட்டார்கள் என்று நீ கேட்பாய். காசிநாதன் கேட்டார். போதும்.

நவுஷாத்


வெள்ளிமலை
30.9.1987

நவுஷாத்,

இது எப்போது உன் கையில் கிடைக்குமோ தெரியாது. படிப்பிலும் வேலையிலும் தங்கள் ஜாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டுக் கீழே ஒரு வாரம் சாலை மறியல். மரங்களை வெட்டிப் போட்டு வழியெல்லாம் அடைத்துவிட்டார்கள். துப்பாக்கிச் சூடு, சாவு. உப்பு லோடு ஏற்றிவந்த சுபைர் எலவனாசூர்கோட்டையில் நாலு நாள் மாட்டிக்கொண்டான். பத்திரமாக வந்துவிட்டான், பயப்படாதே. மறியல் செய்தவர்கள் வீட்டிலேயே அவனுக்குச் சோறு போட்டார்களாம். அவர்கள் ஒரு வாரம் என்று சொன்னார்கள், ஒரு வாரத்தில் திறந்துவிட்டார்கள். நாம் எத்தனை நாள் என்று சொல்லவேயில்லை.

அந்த வாரத்தில்தான் பாவாயி பெரியவளானாள்.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாது. பெண் உட்கார்ந்ததும் தாய்மாமன் போய்ப் பச்சைத் தழை வெட்டித் தன் கையால் குடிசை கட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றும் நாள்வரை பெண் அதற்குள்தான் இருக்கும். அரிசி, உப்பு, வெல்லம், சேலை எல்லாம் மாமன் சீர். குடிசை கட்டியவன்தான் மாமன். நாளைக்கு அந்தப் பெண்ணை எங்கே கொடுப்பது என்பதில் முதல் பேச்சு அவனுடையது.

செல்லியம்மாள் ஓடி வந்தாள். அக்கா சொன்னதை அப்படியே சொன்னாள். "உப்பு வேணாம். சேலை வேணாம். தம்பி வெறுங்கையோட வந்து நாலு தழை வெட்டிப் போட்டாகூடப் போதும். பொண்ணு வெளியில உக்காந்துக்கினு இருக்குது, மழை வருது."

அரிவாளை எடுத்துவிட்டேன். என் மோட்டார்க் கடை வாசலில் தங்கதுரை நின்றான். நல்ல முறையில்தான் கேட்டான். "போறியாண்ணே? போ. எங்கம்மாவுக்கு உப்பு கேட்டப்ப ஒரு லெட்டர் படிச்சியே, அத மட்டும் இன்னொரு தபா படிச்சிட்டுப் போ."

போகவில்லை.

சாயங்காலம்வரை அக்கா பார்த்திருக்கிறாள். அப்புறம் சக்கரவர்த்தி வந்து, தலைப்பாகையை அவிழ்த்து வைத்துவிட்டு, தானே தழை வெட்டிக் குடிசை கட்டினாராம். அறுபது வயது ஆள். நனைந்துகொண்டே கட்டினார் என்று ஊரே சொல்கிறது. உப்பும் அரிசியும் அவர் வீட்டிலிருந்து வந்தன. தண்ணீர் ஊற்றிய அன்று மாமன் இடத்தில் அவர்தான் நின்றார். அக்கா வீட்டுக்காரருக்கும் அவருக்கும் இப்போது பகை இல்லை.

உன்னை ஒன்று கேட்கிறேன். கோபத்தில் கேட்கவில்லை. ஜனங்கள் மாவுக்கு அலைவார்கள் என்று அந்த பேரிங்கை மாட்டினாய். லாரிக்கு விலக்கு உண்டு. என் அக்காவுக்கு ஏன் இல்லை?

கலைவாணன்


கிட்வே
22.10.1987

கலை,

கடிதம் நேற்று வந்தது. மூன்று தாள் எழுதிக் கிழித்தேன்.

உன் கேள்விக்குப் பதில். லாரியை நிறுத்தியிருந்தால் என் வேலை போயிருக்கும். அக்காவின் உப்பை நிறுத்தியதில் எனக்கு ஒன்றும் போகவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு தத்துவம் இருப்பதாக நான் எழுதியிருந்தால் அதை அடித்துவிடு.

வெல்டிங்காரரிடம் உன் கதையைச் சொன்னேன். அனுதாபமாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "உன் நண்பனையும் சேர்த்து அடைத்திருக்கிறாய், அவன் கேட்டானா?" என்றார். வெல்டிங் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நீ உடனே போ. சங்கம் என்ன சொன்னாலும் போ. தங்கதுரையையும் கூட்டிக்கொண்டு போ, அவன் அம்மாவைப் பார்க்கட்டும். பாவாயிக்குச் சேலை எடுத்துத் தரச் சொல்லி அம்மாவுக்கு எழுதிவிட்டேன். அத்தாவுக்கும் எழுதிவிட்டேன், கடையைத் திறந்துவிடச் சொல்லி. ஜனவரியில் லீவு கிடைக்கும். நானே மலைக்கு வந்து அக்கா காலில் விழுகிறேன். எழுதுவதுபோல அது எனக்கு எளிதல்ல என்று உனக்குத் தெரியும்.

பதில் போடு. திட்டியாவது போடு.

நவுஷாத்


வெள்ளிமலை
12.12.1987

அன்புள்ள நவுஷாத்துக்கு,

உன் இரண்டு கடிதமும் தந்தியும் கிடைத்தன. பதில் போடத் தாமதம் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

முதலில் சங்கத்துச் செய்தி. நாம் ஜெயித்துவிட்டோம். போன மாதம் சக்கரவர்த்தி ஊரைக் கூட்டி, காசிநாதனும் மற்ற இரண்டு குடும்பமும் வரலாம் என்று சொல்லிவிட்டார். கூரைக்கு வைக்கோலும் அவரே கொடுத்தார். இங்கே சந்தையில் வெடி போட்டார்கள். தடையால் பணிந்தார் என்று சங்கம் சொல்கிறது. புது ரோட்டு வேலையை அவர் அக்கா மகன் எடுத்திருக்கிறான், ஊரில் தகராறு இருந்தால் வேலை நடக்காது, அதனால்தான் என்று தங்கதுரை சொல்கிறான். இரண்டும் இருக்கலாம். இவ்வளவு ஆள்பலம் சேர்ந்த பிறகு மூன்று குடும்பத்தைச் சேர்ப்பதால் அவருக்கு ஒரு குறையும் இல்லை என்றும் இருக்கலாம். தடை வேலை செய்கிறதா என்று உன்னைக் கேட்டிருந்தேன். யாராவது என்னைக் கேட்டால், செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். காசிநாதன் மனைவி இப்போது மழையில் படுக்கவில்லை.

உங்கள் அத்தா கடையைத் திறந்து வைத்திருக்கிறார். கடுக்காமேட்டுச் சாமையும் புளியும் கருமந்துறைக்குப் பழகிவிட்டன. "நான் இல்லன்னேன், அவனுங்க சரின்னுட்டானுங்க" என்கிறார். உன்னைக் குறை சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். உங்கள் அம்மா கொடுத்த சேலை, அரிசி, வெல்லம், உப்பு எல்லாம் எடுத்துக்கொண்டு நடந்து போனேன். அடிப்பாள் என்று நினைத்தேன். சின்ன வயதில் அடித்தவள்தான். விளக்குமாறு எடுத்தால் நின்று வாங்கிக்கொள்வது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

அக்கா வாசலுக்கு வந்து, "வாங்க" என்றாள். உள்ளே போய்ப் பாய் கொண்டுவந்து விரித்தாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நான் அந்த வீட்டில் பாயில் உட்கார்ந்ததே இல்லை, அடுப்படிக்குத்தான் போவேன். பாவாயி வந்து கும்பிட்டுவிட்டுப் போனது. நல்ல உயரமாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் சக்கரவர்த்தி வந்தார். "இன்னா தம்பி, நம்ம தங்கச்சி வூட்டுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று சிரித்தார். கிண்டல் இல்லை, நல்லபடியாகத்தான். பாவாயிக்கு மாசியில் கல்யாணம் பேசியிருக்கிறாராம், ரோட்டு வேலை எடுத்தவனின் தம்பிக்கு. பதினாலு வயது நிரம்பவில்லை, படிக்கட்டும் என்றேன். "பொண்ணோட மாமன் நான் யோசிக்காமலா செய்வேன்?" என்றார். அக்காவைப் பார்த்தேன். அவள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

கல்யாணத்தை நிறுத்தச் சொல்லித் தாசில்தாருக்கு மனு எழுதலாம் என்றிருக்கிறேன். எழுதினால் அக்கா வாசலில் இனி தண்ணீரும் கிடைக்காது. எழுதத்தான் போகிறேன். இதில் உன் யோசனை வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே.

ஜனவரியில் வந்தால் சங்கராபுரத்தில் உங்கள் வீட்டில் பார்த்துக்கொள்வோம். மலைக்கு வர வேண்டாம். காலில் விழுந்தால் அவளுக்கு வெட்கமாக இருக்கும். நீ யார் என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டிவரும்.

சீரை அக்கா வாங்கிக்கொண்டாள். வாங்கி உள்ளே வைத்துவிட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தாள். நான் எழுந்ததும் வாசல்வரை வந்தாள்.

"இருட்டறதுக்குள்ள போய்டுங்க. பஸ்ஸு கெடைக்கும் இல்ல?" என்றாள்.

கடுக்காமேட்டுக்குப் பஸ் கிடையாது நவுஷாத். அங்கே எல்லோரும் நடந்துதான் போவோம்.

கலைவாணன்